வென்டிலேட்டர் சளியில் அசினெட்டோபக்டர்: கொலிஸ்டின் தொடங்குவதா?

உப்புவெளி:
திருமலையில் ஐசியூ வேலை. வென்டிலேட்டரில் எட்டாம் நாள் ஆள். ட்யூப் சளியில் அசினெட்டோபக்டர் என்ற பக்டீரியா. மெரோபெனம் என்ற அன்ரிபயோட்டிக்குக்கு ரெசிஸ்டன்ட், இன்னொரு அன்ரிபயோட்டிக்கான கொலிஸ்டினுக்கு டிஸ்க் சோதனையில் (மருந்து ஊறிய வட்டத்தாள்) சென்சிட்டிவ் என்று றிப்போட். காய்ச்சல் இல்லை, ஒக்சிசன் கூட்டவில்லை, எக்ஸ்றேயும் பழையபடிதான். கொலிஸ்டின் போடத்தான் வேணுமா?

கொட்டியாரம்:
நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், வேண்டாம். ஒரு வாரம் ட்யூப் இருந்தால் அந்தக் கிருமி அங்கே குடியேறுவது சாதாரணம். சீழ்ச்சளி, கூடிவரும் ஒக்சிசன் தேவை, எக்ஸ்றேயில் புதிய நிழல், ஏறும் வெள்ளணு போன்றவை சேர்ந்து வந்தால்தான் நிமோனியா என்று யோசிக்கலாம். கிராம் ஸ்டெயினில் (சளிக்குச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) சீழ்க்கலங்கள் இருந்தனவா என்று லாபில் கேளுங்கள். சளி 2 மணித்தியாலத்துக்குள் லாபுக்குப் போனதா என்பதும் முக்கியம். இந்த வெக்கையில் மேசையில் கிடந்தால் கிருமி பெருகி, எண்ணிக்கை பொய் சொல்லும்.

அந்த டிஸ்க்கை நம்பவே வேண்டாம். கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, ஏகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) சரியாகப் பரவாது. புரொத் மைக்ரோடைலூஷனில் (திரவத்தில் மருந்தைப் படிப்படியாக ஐதாக்கிப் பார்க்கும் சோதனை) எம்ஐசி, அதாவது கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு, கேளுங்கள். 2020 முதல் சிஎல்எஸ்ஐ (லாப் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க நிறுவனம்) இந்தக் கிருமிக்குக் கொலிஸ்டின் ‘சென்சிட்டிவ்’ என்று எழுதவே இடம் வைக்கவில்லை; எம்ஐசி 2 என்றாலும் ‘இன்டர்மீடியட்’தான்.

மருந்துமேசை:
பிறகு கொலிஸ்டின் தேவைப்பட்டால்: லோடிங் (முதலில் கொடுக்கும் பெரிய டோஸ்) 9 மில்லியன் யுனிட், 12 மணித்தியாலத்துக்குப் பின் 4.5 மில்லியன், நாளுக்கு இரு தடவை. கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் இரத்த அளவு) பார்த்து அடுத்தடுத்த டோஸைத்தான் குறைக்க வேண்டும், லோடிங்கை அல்ல. லோடிங்கை விட்டால் இரத்தத்தில் தேவையான அளவு வர இரண்டு மூன்று நாளாகும். செப்சிஸில் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) அவ்வளவு அவகாசம் எங்கே? வயலைக் குலுக்காமல் சுழற்றுங்கள், நுரைத்துவிடும். கலந்ததும் ஏற்ற வேண்டும், கரைத்து வைக்கக் கூடாது. லேபிளில் மில்லிகிராம் இருந்தால் எந்த மில்லிகிராம் என்று பாருங்கள்: 1 மில்லியன் யுனிட் என்பது சோடியம் உப்பாக 80, பேஸாக (உடலில் செயற்படும் கொலிஸ்டினாக) ஏறத்தாழ 33. இங்கே பிசகினால் டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் மாறும். நுரையீரலுக்குத் தனிக் கொலிஸ்டின் போதாது. அம்பிசிலின்-சல்பக்டம் 9 கிராம், 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 4 மணித்தியாலம் ஓடவிட்டுச் சேர்ப்பது பற்றி மைக்ரோபயோலஜிஸ்ட்டிடம் பேசுங்கள்.

உப்புவெளி:
நன்றி. நாலு நாளில் கல்ச்சர் திரும்ப எடுக்கட்டா? கிருமி பக்கத்துக் கட்டிலுக்குப் போகாமல் என்ன செய்வது?

கொட்டியாரம்:
ஆள் தேறி வந்தால் எடுக்க வேண்டாம். ட்யூப் இருக்கும்வரை வளரும், வீணாய் ஒரு அன்ரிபயோட்டிக் ஏறும். கிருமி உலர்ந்த மேற்பரப்பில் வாரக்கணக்கில் கிடக்கும். வென்டிலேட்டர் திரை, மொனிட்டர் பொத்தான், பிரஷர் கஃப், கட்டில் கம்பி, இவைதான் துடைக்கத் தவறிப்போகும். முதலில் சோப்பால் துடைக்க வேண்டும், அழுக்கிருந்தால் குளோரின் வேலை செய்யாது. பிறகு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) குளோரின் கரைசல்: 5% ப்ளீச் 20 மில்லி, தண்ணீர் 980 மில்லி. அன்றன்று கலக்கவும்; வெயில் படும் இடத்தில் கானை வைத்தால் வீரியம் போய்விடும்.