பாழுங்கிணற்றை மூடலாமா?

வேளச்சேரிவாசி: வீட்டுக் கிணறு வற்றிவிட்டது, மூடிவிட்டு கார் நிறுத்தலாம் என்கிறார் அப்பா. மொட்டைமாடி மழைநீரை அதில் விட்டால் பலன் இருக்குமா?

கிணற்றடி: தயவுசெய்து மூடாதீர்கள்! 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே. மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்புங்கள், ஆனால் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் கூழாங்கல்லும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக மட்டும்.

தென்றல்77: தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, பல வீடுகளில் பெயருக்குத்தான் குழி இருக்கிறது, கோபமாக வருகிறது. ஐப்பசிக்கு முன்பே மணலை அலசிப் போடுங்கள்.

வேளச்சேரிவாசி: சரி, 1000 சதுர அடி மாடிக்கு எவ்வளவு கிடைக்கும்?

கிணற்றடி: ஒரு சென்டிமீட்டர் மழைக்கே ஏறத்தாழ 900 லிட்டர். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.