லைன் சூப்பர்வைசர் பயிற்சிக்கு எம்.டி.யை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட்டில் எனக்கு எச்.ஆர். வேலை. எங்கள் ஊரில் சூப்பர்வைசர் எப்படி உருவாகிறார் என்று தெரியும்தானே? ஓவர்லாக் தையல் மெஷினை நன்றாக ஓட்டுகிற டெய்லரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீதான் லைன் (ஒரே வரிசையில் உட்கார்ந்து தைக்கிற குழு) பார்க்கணும் என்று சொல்லிவிடுவார்கள். மெஷின் அவர் கைக்கு அடங்கும், ஆள் அடங்க வேண்டுமே. கத்துவார்.

இவர்களுக்குப் பயிற்சி கேட்டு எம்.டி.யிடம் முதல் தடவை 22 ஸ்லைடோடு போனேன். ஒரு துருப்புச் சீட்டும் வைத்திருந்தேன். பெங்களூருவில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பேசிப் பழகுவது, நேரத்தைத் திட்டமிடுவது போன்றவற்றில் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். பயிற்சி முடிந்த 8 மாதத்தில் சுமார் 250 சதவீதம் நிகர வருவாய் என்று கணக்கு வந்தது. எம்.டி. பொறுமையாகக் கேட்டார். "அது பெங்களூருங்க. இங்க சொல்லிக் குடுத்தா, பக்கத்து கம்பெனிக்காரன் ரெண்டாயிரம் சேத்திக் குடுத்துக் கூட்டிட்டுப் போயிருவான்" என்றார். டீ வந்தது, பேச்சு நூல் விலைக்குப் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து, இரண்டு லைனின் வருகைப் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரே ஸ்டைல், ஒரே பீஸ் ரேட், சூப்பர்வைசர் மட்டும் வேறு. சம்பளம் போட்ட மறுநாள் ஒரு லைனில் 2 பேர் வரவில்லை, இன்னொன்றில் 9 பேர். மாதாமாதம் அப்படித்தான். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இந்த லைன்லதான போன மாசம் ஷிப்மென்ட் தப்பி ஏர்ல அனுப்பினோம்?" ஆமாங்க என்றேன். அந்த பில் தொகை அவருக்கே மனப்பாடம். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சிக்குச் சம்மதித்தார்: புதன்கிழமை 2 மணி நேரம், 12 சூப்பர்வைசர்கள், ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே. முதல் வகுப்பில் நீங்கள் 15 நிமிடம் உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்தார். ஒரு அக்கா எழுந்து, "நீங்க மத்தியானம் வந்து டார்கெட்ட மாத்தறீங்க, நாங்க சாயங்காலம் வரைக்கும் கத்தறோமுங்ண்ணா" என்று சொல்லிவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. எம்.டி. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

பதில் (ஸ்ரீபெரும்புதூர், ஆட்டோ பார்ட்ஸ்)

எங்களிடம் நேர் தலைகீழ். சி.இ.ஓ. ஏப்ரலில் விளக்கேற்றி, போட்டோ எடுத்துத் தொடங்கி வைத்தார். அப்புறம் அந்த அறைப் பக்கமே வரவில்லை. பிளான்ட் ஹெட்டிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சரியாக வகுப்பு நாளன்றுதான் ஆடிட் வைப்பார். ஆளை வகுப்புக்கு விட வேண்டியவர் அவர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அக்டோபரில் பட்ஜெட்டை வெட்டியபோது முதலில் போனது இதுதான்.

பதில் (சேலம்)

திருப்பூர்க்காரரே, ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்களா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

முதலில் எழுதியவர்

போனார் ஒருத்தர், பக்கத்து யூனிட்டுக்கே. அந்த 9 இப்போது 4, 5 என்று நிற்கிறது. தீபாவளி மாதத்தை மட்டும் கேட்காதீர்கள். இரண்டாவது பேட்சுக்குச் செக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே எம்.டி. சொன்னார்: "நாந்தான் அன்னிக்கே சொன்னேனே, போயிருவான்னு."