ஐ-ரெக் சான்றிதழுக்கு மேலே சூழல் முத்திரையும் கேட்கிறார்கள்: நாம் உண்மையில் எதை வாங்குகிறோம்?

இரத்மலானை_ஊசி

இரத்மலானையில் ஏற்றுமதித் தையல் ஆலை. பில்லின்படி மாதம் சராசரியாக 55,000 யூனிட் கிரிட்டிலிருந்து எடுக்கிறோம். கூரையில் 150 கிலோவாட் சோலர், நெட் அக்கவுண்டிங் முறை (நாங்கள் பாவித்தது போக மிஞ்சும் சோலர் யூனிட்டுக்குக் காசு). கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர்.

ஜெர்மன் பையர் "100% புதுப்பிக்கத்தக்க மின்சாரம்" என்று காட்ட ஐ-ரெக் (புதுப்பிக்கத்தக்க மூலத்தில் மின்சாரம் உற்பத்தியானதற்கான சர்வதேசச் சான்றிதழ்) கேட்கிறார்கள். அதற்குக் கீழே, "சூழல் முத்திரை பெற்ற மின்சாரமாக இருந்தால் நல்லது, உதாரணம் ஈகோஎனர்ஜி" என்று இன்னொரு வரி. முகவர் ஒருவர் இந்தியச் சான்றிதழ் மலிவு, அதையே எடுத்துவிடலாம் என்கிறார்.

எத்தனை சான்றிதழ் வேண்டும்? சோலரைக் கழிக்கலாமா? முத்திரைக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது? அதனால் எங்காவது ஏதாவது நடக்கிறதா, இல்லை வெறும் ஸ்டிக்கர்தானா?

---

மீற்றர்_பெட்டி

இந்தியச் சான்றிதழை மறந்துவிடுங்கள். சான்றிதழ் பிறந்த கரண்டும் நீங்கள் பாவிக்கும் கரண்டும் ஒரே சந்தைக்குள் இருக்க வேண்டும் என்பது ஜிஎச்ஜி புரோட்டோகோலின் (கொம்பனிகள் தங்கள் காபன் உமிழ்வைக் கணக்கிடும் சர்வதேச விதித்தொகுப்பு) ஸ்கோப் 2, அதாவது வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வு, பற்றிய வழிகாட்டி (2015) சொல்லும் தர நிபந்தனைகளில் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் பல தங்களுக்குள் ஒரே சந்தையாகக் கணக்கிடப்படும். எங்களுடைய இலங்கைக் கிரிட்டுக்கு இந்தியாவோடு கேபிளே கிடையாது. மலிவு என்று எடுத்தால் கணக்காய்வாளர் முதல் பக்கத்திலேயே வெட்டுவார்.

எண்ணிக்கை: ஒரு ஐ-ரெக் என்பது ஒரு மெகாவாட்மணி, அதாவது 1,000 யூனிட். 55,000 × 12 = 660,000 யூனிட், ஆக 660 சான்றிதழ். மீதி யூனிட் தொங்கினால் மேலே முழுமையாக்குங்கள், கீழே வேண்டாம்.

சோலரில்தான் பலர் வழுக்குகிறார்கள். நெட் அக்கவுண்டிங் பில்லில் இறக்குமதி, ஏற்றுமதி, வித்தியாசம் என மூன்று எண் வரும். காசுக்கு வித்தியாசம் சரி. ஸ்கோப் 2க்கு இறக்குமதி முழுவதையும் எழுத வேண்டும். பகலில் கிரிட்டுக்கு அனுப்பிய யூனிட்டை இரவில் எடுத்த யூனிட்டிலிருந்து கழிக்க விதி இடம் தராது.

150 கிலோவாட் கூரையில் கொழும்பு வெயிலுக்கு வருடம் ஏறக்குறைய 195 மெகாவாட்மணி எதிர்பார்க்கலாம் (கிலோவாட்டுக்கு 1,300 யூனிட் என்று வைத்து). அதில் 160 ஆலைக்குள்ளேயே பாவனையாகி 35 வெளியே போனால் உங்கள் மொத்தப் பாவனை 660 + 160 = 820. அந்த 160க்குச் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை, ஆனால் நிரூபிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், உள்ளேயே பாவித்த யூனிட் மின் விநியோக நிறுவனத்தின் இருவழி மீற்றரைத் தொடுவதே இல்லை. இன்வேர்ட்டர் செயலியின் எண்ணை மட்டும் காட்டினால் "அளவீட்டுச் சான்று எங்கே" என்பார்கள். சோலர் டிபி (மின் பகிர்வு) பெட்டியில் அளவுத்திருத்தச் சான்றுள்ள தனி உற்பத்தி மீற்றர் ஒன்று போட்டு, மாதக் கடைசி நாளில் வாசிப்பைப் படம் பிடித்து வையுங்கள். நெட் பிளஸ் முறையாக இருந்தால் உற்பத்தி முழுவதும் தனி மீற்றரில் ஓடுவதால் இந்தத் தலையிடி இல்லை. ஆனால் அங்கே கரண்ட் முழுவதையும் விற்றுவிடுகிறீர்கள், "சொந்த சோலரில் ஓடுகிறோம்" என்று சொல்ல முடியாது.

டீசல் ஜெனரேட்டர் ஸ்கோப் 1, அதாவது ஆலையிலேயே எரிக்கும் எரிபொருளின் உமிழ்வு. பொயிலரும் அப்படித்தான். எத்தனை ஐ-ரெக் வாங்கினாலும் அதை மூடாது. ஆகவே "100% புதுப்பிக்கத்தக்க சக்தி" என்று எழுதாதீர்கள். "கிரிட்டிலிருந்து வாங்கிய மின்சாரம்" என்று எல்லை போட்டு எழுதுங்கள்.

---

நுகேகொடை_பேரேடு

முத்திரைப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஐ-ரெக் என்பது உரித்துப் பத்திரம். இந்த நிலையத்தில், இந்த மாதத்தில், இந்த 1,000 யூனிட் உற்பத்தியானது, அதை வேறு யாரும் உரிமை கோரவில்லை என்று மட்டும் சொல்லும். அந்த அணை ஆற்றை வற்றவைத்ததா, அந்தக் காற்றாலை பறவைப் பாதையில் நிற்கிறதா என்று சொல்லாது. சூழல் முத்திரை அதற்கு மேலே மூன்று அடுக்கு வைக்கிறது: இடத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் நிபந்தனை, வருடாந்தக் கணக்காய்வு, சில முத்திரைகளில் ஒரு நிதி. மூன்றாவது எல்லாவற்றிலும் இல்லை. அமெரிக்காவின் கிரீன்-ஈ (1997) புதிய நிலையம், இரட்டை எண்ணிக்கை இல்லாமை ஆகியவற்றில் கண்டிப்பு. நிதி அதன் வேலையல்ல.

ஈகோஎனர்ஜி ஹெல்சிங்கியிலிருந்து இயங்குவது, 2013 முதல் விற்பனையில் இருக்கிறது. விற்கும் ஒவ்வொரு மெகாவாட்மணிக்கும் ஆகக் குறைந்தது 0.10 யூரோ அதன் காலநிலை நிதிக்குப் போக வேண்டும். நீர்மின்சாரம் என்றால் இன்னொரு 0.10 யூரோ சூழல் நிதிக்கு. அது மீன் நகரும் வழி, ஆற்றுச் சீரமைப்பு போன்ற வேலைகளுக்கு. காலநிலை நிதி தொண்டு நிறுவனங்களிடம் திறந்த அழைப்பில் விண்ணப்பம் வாங்கி, ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்காவில் மின்சாரம் எட்டாத பாடசாலை, சிகிச்சை நிலையம், கிராமம் போன்றவற்றுக்குப் புதுப்பிக்கத்தக்க சக்தி வேலைகளுக்குக் கொடுக்கிறது.

உங்கள் கணக்கில் 660 × 0.10 = 66 யூரோ. ஆமாம், அவ்வளவுதான். தனியாகப் பார்த்தால் இரண்டு பனல் வருமோ என்னமோ. ஒரு டெராவாட்மணி (பத்து லட்சம் மெகாவாட்மணி) சேர்ந்தால் 100,000 யூரோ. நிதி நிற்பது பெரிய வாங்குநர்களின் தோளில். சான்றிதழின் அடிப்படை விலை, பதிவேட்டுக் கட்டணம், முகவர் கமிஷன் எல்லாம் இதற்கு வெளியே. அதனால் மேற்கோள் கேட்கும்போது அவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். நிதிக்குப் போகும் வரியைப் பிரித்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அப்படிப் போகும் காசு வீணாகும் இடம் பெரும்பாலும் பற்றரிதான். கிராமப் பாடசாலைக்கு லெட்-அசிட் பற்றரி வைத்தால் வெப்பத்திலும் ஆழ டிஸ்சார்ஜிலும் சில வருடங்களில் செத்துவிடும். மாற்றுவதற்கு ஒதுக்கீடு இல்லாவிட்டால் கூரையில் நல்ல பனல், உள்ளே இருட்டு. ஒரு திட்டத்தை எடைபோட வேண்டுமானால் எத்தனை வாட் என்று கேட்பதை விட ஐந்தாம் வருடத்தில் பற்றரி யார் செலவு என்று கேளுங்கள்.

---

வங்காலை_நாரை

இட நிபந்தனை ஏன் முக்கியம் என்று பார்க்க ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. மன்னார்த் தீவில் 30 காற்றாடிகளோடு நிற்கும் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாட். அந்தப் பகுதி மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்முனையை ஒட்டியது; கரையின் அடுத்த பக்கம் வங்காலை சரணாலயம், 2010 முதல் ராம்சார் ஈரநிலம் (சர்வதேச உடன்படிக்கையின் கீழ் முக்கியமானது என்று பட்டியலிட்டது). பாதுகாக்கப்பட்ட இயற்கை இடம், முக்கிய பறவைப் பகுதி போன்றவற்றுக்குள் நிற்கும் காற்றாலையை ஈகோஎனர்ஜி தானாக ஏற்பதில்லை. தனியே ஆராய்ந்து ஒப்புதல் கொடுத்தால்தான் உண்டு. வெறும் ஐ-ரெக்கில் அப்படி ஒரு கேள்வியே வராது.

ஆனால் முத்திரையின் கண்ணுக்குப் படாததும் உண்டு. 2025 இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கியது பறவைக்காக மட்டுமல்ல. மழைத் தண்ணீர் வடியும் வழி, மீன்பிடி, காணி எல்லாம் அதில் இருந்தன. இயற்கைப் பாதுகாப்பு வரைபடத்தை வைத்து வடிகட்டும் முத்திரை இதையெல்லாம் பிடித்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சிறு நீர்மின் நிலையம் மலிவாகக் கிடைத்தால் இன்னும் கவனம். அணைக்கட்டுக்கும் பவர் ஹவுஸுக்கும் இடையே தண்ணீர் குழாயில் போகிறது. அந்தத் துண்டு ஆற்றில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. தென்மேற்கு ஈரவலய ஓடைகளில் வேறெங்கும் இல்லாத மீன்கள் உண்டு, அவற்றுக்கு வறட்சி மாதத்துக் குறைந்தபட்ச நீரோட்டம்தான் உயிர். அனுமதிப் பத்திரத்தில் அந்த ஓட்டம் எவ்வளவு, அதை யார் அளக்கிறார் என்று கேளுங்கள். விக்டோரியா (210 மெகாவாட், 1985) போன்ற பழைய அணையின் சான்றிதழை வாங்கினால் கிரிட்டுக்கு ஒரு யூனிட்கூடப் புதிதாக வராது. ஆர்ஈ100 (100% புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உறுதி எடுத்த பெரிய கொம்பனிகளின் கூட்டமைப்பு) 2024 ஜனவரி முதல் 15 வருடத்துக்குள் இயங்கத் தொடங்கிய நிலையங்களையே பொதுவாக ஏற்கிறது; பாவனையில் 15% வரை இதற்கு விலக்கு. உங்கள் பையர் அதில் உறுப்பினர் என்றால் அதே விதியை உங்கள் தலையில் வைக்கக்கூடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

---

இரத்மலானை_ஊசி

நன்றி. ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன்: கூரைப் பனல்கள் எங்களுடையவை அல்ல. சோலர் கொம்பனி போட்டது, 20 வருட ஒப்பந்தம், நாங்கள் யூனிட்டுக்குக் காசு கட்டுகிறோம். இது கணக்கை மாற்றுமா? மற்றது, துணி டேக்கில் ஒரு பச்சை இலைச் சின்னம் போடலாம் என்று மார்க்கெட்டிங் சொல்கிறது.

---

மீற்றர்_பெட்டி

மாற்றும், நிறையவே. ஒப்பந்தத்தில் "சூழல் உரிமைகள்", "காபன் வரவு" என்ற சொற்களைத் தேடுங்கள். அவை கொம்பனிக்கு என்று இருந்தால் அந்த 160 மெகாவாட்மணியை நீங்கள் புதுப்பிக்கத்தக்கது என்று சொல்ல முடியாது. உங்கள் கூரையில் உற்பத்தியாகி உங்கள் மெஷினில் ஓடினாலும் கணக்கில் அது யாரோ ஒருவரின் பசுமை. அப்போது 660 அல்ல, 820 சான்றிதழ் வேண்டும். எதுவுமே எழுதப்படவில்லை என்றால் அது இன்னும் ஆபத்து. அந்தப் பனல்களை ஐ-ரெக்கிலோ, இலங்கை காலநிலை நிதியத்தின் காபன் வரவுத் திட்டத்திலோ பதிவு செய்யவில்லை, செய்யவும் மாட்டோம் என்று கொம்பனியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அல்லது அவர்களே பதிவு செய்து, உங்கள் பெயரில் ரிடீம் செய்து (மறுபடி விற்க முடியாதபடி பதிவேட்டில் பாவித்து முடித்து) தரட்டும்.

ரிடீம் என்ற சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் முகவரின் கணக்கில் கிடக்கும்வரை நீங்கள் ஒன்றும் வாங்கவில்லை. ரிடீம் பத்திரத்தில் பயனாளியாக உங்கள் கொம்பனியின் பதிவுப் பெயர் இருக்க வேண்டும் (முகவர் பெயரோ பையர் பெயரோ அல்ல), ஆலை முகவரி, பாவனைக் காலம், நிலையத்தின் பெயர், உற்பத்தி மாதம் எல்லாம் இருக்க வேண்டும். முத்திரையோடு வாங்கினால் நோக்கப் பகுதியில் அதன் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். 2026 பாவனைக்கு 2026 உற்பத்தியே பாதுகாப்பு.

இரவு ஷிஃப்ட் இருந்தால் இன்னொன்று. இப்போதைக்கு வருடக் கணக்கில் சமப்படுத்தினால் போதும், பகல் சோலர் சான்றிதழால் மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரப் பாவனையையும் மூடலாம். ஸ்கோப் 2 திருத்த முன்மொழிவில் மணிக்கு மணி பொருத்தம் பேசப்படுகிறது. 15 நிமிட வாசிப்புத் தரும் மீற்றர் இருந்தால் அந்தத் தரவை அழிக்காமல் சேமியுங்கள்.

---

நுகேகொடை_பேரேடு

இலைச் சின்னம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 பணிப்புரை 2026 செப்டெம்பர் 27 முதல் பிரயோகமாகிறது. சான்றளிப்புத் திட்டமோ அரச அதிகாரமோ பின்னால் இல்லாத நிலைபேறு முத்திரையை நுகர்வோருக்குக் காட்டுவது அதன் கீழ் தடை. ஈகோஎனர்ஜி சின்னம் என்றாலும் அது மின்சாரத்துக்கானது, சட்டைக்கானது அல்ல. பாவிக்க முன்னர் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

பையருக்கு அனுப்ப ஒரு பந்தி போதும்: கிரிட் இறக்குமதி எத்தனை மெகாவாட்மணி, கூரையிலிருந்து எத்தனை, ரிடீம் இலக்கம், நிலையம், நிதிக்குப் போன யூரோ. ஸ்கோப் 2 எண்ணை இரண்டு முறையிலும் கொடுங்கள். சான்றிதழ் பார்க்கும் சந்தை முறையில் கிரிட் பகுதி பூச்சியம் ஆகும். இட முறையில் நுரைச்சோலை நிலக்கரி உட்பட கிரிட்டின் சராசரி அப்படியே நிற்கும். அதற்கான உமிழ்வுக் காரணியை (ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு காபன் என்ற எண்) நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் சக்திச் சமநிலை அறிக்கையிலிருந்து எடுங்கள், எந்த வருடத்துக் காரணி என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.