ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே புள்ளி புள்ளியாக வளர்வது. லேப்ராஸ்கோபி என்ற சின்னத் துளை அறுவை சிகிச்சையில் எடுத்தாயிற்று. ஆனாலும் அடிவயிறு, இடுப்புக்குழி, சில நாள் தொடையின் உள்பக்கம் என்று வலி தொடர்ந்தது. முன்பு மாதவிடாயோடு மட்டும் வந்த வலி, அப்புறம் நாள் கிழமை பார்க்காமல் வர ஆரம்பித்தது. சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்தாலே சுருக்கென்று இழுக்கும். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. "ஒன்றுமில்லைம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் டாக்டர். இதைக் கேட்காதவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

வலி மருத்துவம் பார்க்கும் ஒருவரிடம் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, பெருங்குடலின் கடைசிப் பகுதி இவற்றின் நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் போய்ச் சேர்கின்றனவாம். ஓர் உறுப்பு வருடக்கணக்கில் வலிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தால், அங்குள்ள நரம்பு செல்கள் சின்னத் தூண்டலுக்கே பதறும் நிலைக்கு வந்துவிடும். பிறகு பக்கத்து உறுப்பின் சாதாரணச் செய்தியும் வலியாகவே மூளைக்குப் போகும். சென்ட்ரல் சென்சிடைசேஷன் என்கிறார்கள். கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1983இலேயே விலங்குச் சோதனையில் இதைக் காட்டிவிட்டார். எண்டோமெட்ரியோசிஸ் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் நேரான கணக்கு இல்லை என்றும் அந்த வலி மருத்துவர் சொன்னார். நாலு புள்ளி இருப்பவர் துடிப்பார், நிறைய இருப்பவருக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கும்.

* * *

இது பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள் சகோதரி. எனக்கு ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவில் எரிச்சல், சிறுநீர் கழித்த பிறகு ஒரு குடைச்சல். புராஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) தொற்று என்று ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டில் ஒரு தடவைகூடக் கிருமி வரவில்லை. கிருமியே இல்லை, அப்புறம் எதற்கு மாத்திரை என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்ற பதில்! நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படுபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு பாக்டீரியா கிடையாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இதற்கென்றே மூன்றாம் வகை இருக்கிறது.

வேறொரு யூராலஜிஸ்ட்தான் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அடி இடுப்பைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் முறுக்கிக்கொண்டு தளரவே தெரியாமல் இருக்கின்றன என்றார் தெரபிஸ்ட். பயந்தால் தோளும் தாடையும் இறுகுவது நமக்குத் தெரியும், இந்தத் தசை இறுகுவது தெரிவதில்லை. வலி வந்தால் இறுகும், இறுகினால் வலிக்கும். அவர் முதலில் சொன்னது, "கெகல் பயிற்சி செய்யாதீங்க." கெகல் என்பது இந்தத் தசையை இறுக்கிப் பழகுவது. ஏற்கெனவே இறுகியதை இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். எனக்குக் கொடுத்தது வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி. மூச்சை இழுக்கையில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் இறங்கும்போது இடுப்புத்தளமும் கூடவே இறங்கித் தளர்கிறது. ஆரம்பத்தில் இதற்கா ஃபீஸ் என்றுதான் தோன்றியது. ஆனால் எரிச்சல் வரும் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. முழுதாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

* * *

என் கதை வேறு. உட்கார்ந்தால் வலி, நின்றால் குறையும், படுத்தால் காணோம். டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் வலிக்காது! இதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று ரொம்ப நாள் சொல்லவே இல்லை. கடைசியில் பார்த்தால் அதுதான் துப்பு. புடெண்டல் நரம்பு என்று ஒன்று. கீழ் முதுகின் எஸ்2, எஸ்3, எஸ்4 என்ற நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, இரண்டு தசைநார்களுக்கு நடுவே புகுந்து, ஒரு குறுகிய குழாய் வழியாகப் பிறப்புறுப்புப் பகுதிக்கு வருகிறது. உட்காரும்போது அது நசுங்குகிறது, நடுவில் ஓட்டையுள்ள சீட்டில் அழுத்தம் இல்லை. நான்ட் அளவுகோல் என்று பிரான்ஸில் உருவான ஐந்து அடையாளங்களை வைத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று, வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பக்கூடாது. இன்னொன்று, அந்த நரம்பில் மரப்பு ஊசி போட்டால் வலி அடங்க வேண்டும். எனக்கு அன்று சாயங்காலம் வரை அடங்கியது. அந்தச் சில மணி நேரம் எனக்குப் பெரிய விஷயம். இப்போது நடுவில் வெட்டிய குஷன், பிசியோதெரபி, சைக்கிளுக்கு விடுமுறை.

* * *

எல்லாவற்றையும் நரம்பு தலையில் கட்டிவிடவும் கூடாது, அதையும் யாராவது சொல்ல வேண்டும். சிறுநீரில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். தொடை இடுக்கு மரத்துப்போய் சிறுநீர் வராமல் அடைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நரம்பு வலி என்றதும் கபாபென்டின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தெளிவான காரணம் தெரியாத இடுப்புக்குழி வலி உள்ள 306 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட கபாபென்டின் வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலும் மந்தமும்தான் கூடுதல். எனக்கும் அதே அனுபவம். சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் பேசி மெல்லக் குறையுங்கள்.

* * *

யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன் அக்கா. தாம்பத்தியத்தில் வலி. "கல்யாணமான புதுசுல அப்படித்தான், பொறுத்துக்கோ" என்று வீட்டில் சொன்னார்கள். பொறுத்ததால் நடந்தது என்னவென்றால், தொடும் முன்பே உடம்பு தானாக இறுக ஆரம்பித்தது. நான் இறுக்கவில்லை, அது இறுகும். வலிக்கும் என்று எதிர்பார்த்தே நரம்பு மண்டலம் கதவைச் சாத்துகிறது என்றார் பிசியோதெரபிஸ்ட். வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துவது, அதற்கு யாரும் கோபிக்கக் கூடாது என்பது முதல் விதி. அப்புறம் மூச்சு, தசையைத் தளர்த்தக் கற்பது, பிறப்புறுப்பைப் பழக்கும் வழுவழுப்பான குச்சி போன்ற டைலேட்டரில் சின்னதிலிருந்து படிப்படியாக. அடுத்த தடவை கணவரையும் கூட்டிவரச் சொன்னார். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், என்னைவிட அதிகக் கேள்வி கேட்டார்.