விலாசம் மட்டும் கேட்டு வருகிறவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருப்பூர் வெரிஃபையர்:
தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்பதால் முன்கதையை நீட்டவில்லை. சின்ன விசாரணை ஆபீஸ், நானும் இரண்டு பையன்களும். லோன் கம்பெனிகளுக்கு எஃப்.ஐ. (கடன் கேட்டவர் வீட்டுக்கு நேரில் போய் விசாரிப்பது), பனியன் கம்பெனிக்கு சூப்பர்வைசர் எடுத்தால் பழைய வேலை விசாரணை, முகூர்த்த சீசனில் மாப்பிள்ளை விசாரணை. போன தையில் ஒருத்தர் வந்தார். தங்கச்சி வீட்டை விட்டுப் போய்விட்டாள், அம்மா படுத்த படுக்கை, ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறார்கள், இங்கேதான் ஏதோ லைன் வீட்டில் இருப்பதாகத் தகவல் என்றார். நாம் கேட்காத கதையா? அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கவரிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். பையனுடைய போட்டோ. ஏதோ கம்பெனி ஐடி கார்டைப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டது, ஓரத்தில் கழுத்துப் பட்டி தெரிந்தது, பின்னால் பைக் நம்பரை எழுதியிருந்தார்.

"தங்கச்சி போட்டோ இல்லீங்களா?" என்றேன். "அவ எதுக்குங்க, இவன் இருக்கற இடத்துலதானே இருப்பா" என்றார். அப்புறம் கேட்டது, இவன் எந்த ஷிப்டு, எத்தனை மணிக்கு வெளியே வருவான் என்று. பெண் நன்றாக இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கிடையாது.

இந்த வேலை நாங்கள் எடுப்பதில்லைங்க என்றேன். அவர் சண்டை போடவில்லை, போட்டோவைத் திரும்பக் கவருக்குள் வைத்துக்கொண்டு, பல்லடம் பக்கம் இந்தத் தொழில் செய்கிறவர் யாராவது உண்டா என்று என் பையனிடம் கேட்டுவிட்டுப் போனார். வண்டி நம்பரை ஆன்லைனில் போட்டால் முன்பு ஓனர் பெயர் முழுதாக வரும், இப்போது பாதி நட்சத்திரக்குறிதான். ஆனால் போட்டோவில் கம்பெனிப் பெயர் பாதி தெரிந்ததே! ஷிப்டு, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசுக்கு இரண்டு போன், ஒரு மதியத்துக்குள் முடிந்திருக்கும். எனக்கு ஒரு மதியம் என்றால் பல்லடத்துக்காரருக்கும் அதேதானே. இதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி யாராவது வந்திருக்கிறார்களா?

மலைக்கோட்டை ராஜா:
எடுக்கவில்லை என்று அனுப்பிவிட்டால் போதுமா அண்ணே? உங்கள் மாவட்டத்தில்தானே உடுமலைப்பேட்டை இருக்கிறது? 2016 மார்ச்சில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டினார்களே, சிசிடிவியில் ஊரே பார்த்தது. அந்தப் பையனுக்காவது ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா? காதல் ஜோடிகளுக்கு மிரட்டல் இருந்தால் மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும், தங்க வைக்கப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்று சக்தி வாஹினி வழக்கில் 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எனக்கு இந்த மாதிரி ஆள் வந்ததில்லை, நான் வாடகைதாரர் விசாரணை மட்டும் செய்கிறேன். ஆனால் வந்தால் எஸ்.பி. ஆபீசுக்குத்தான் முதல் போன்.

திருப்பூர் வெரிஃபையர்:
ராஜா தம்பி, பையன் பெயரே என்னிடம் இல்லை. போட்டோவையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாருக்குப் போன் போடுவது? எதுவும் கேட்காமல் எழுதுகிறீர்கள்.

சேலம் குமாஸ்தா:
வருகிற எல்லாரும் வெட்டுவதற்குத்தான் விலாசம் கேட்கிறார்கள் என்று பேசாதீர்கள். நான் வக்கீல் ஆபீஸ்களுக்கு ஆள் தேடித் தருகிறவன். ஒரு அம்மா ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் 144. புருஷன் ஊரை மாற்றிக்கொண்டே இருந்தான். சம்மன் போகும், "மேற்படி நபர் இந்த விலாசத்தில் இல்லை" என்று திரும்பி வரும், வாய்தா தள்ளிப்போகும், அந்த அம்மா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் ஓசூரில் பிடித்தேன். எப்படி என்று இங்கே எழுதமாட்டேன். விலாசம் சரிதானா என்று பார்க்க கூரியர் பையன் மாதிரி போய்க் கதவைத் தட்டினால், அந்த ஆள் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு வந்து திறந்தான். ஆறு மாதம் இருக்கும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாருங்க?" என்று. குழந்தை என் பேனாவைப் பிடித்து இழுத்தது, அவன் சிரித்துக்கொண்டே அதன் கையை விலக்கிவிட்டான். ரிப்போர்ட்டில் விலாசம், ஆள் அடையாளம் மட்டும் எழுதினேன், குழந்தையைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. சம்மன் போய்ச் சேர்ந்தது, அந்த வகையில் வேலை சரியாக முடிந்தது.

கார்த்திக் எஸ்:
நான் உங்கள் தொழில் இல்லை, நீங்கள் எழுதும் ரிப்போர்ட்டில் மாட்டியவன். பெங்களூரில் வேலை, ஆஃபர் லெட்டர் வந்தாயிற்று, பழைய கம்பெனியில் நோட்டீஸும் கொடுத்தாயிற்று. எச்.ஆர். பெண் போன் செய்து, "உங்கள் பெயரில் கோவையில் மூன்று செக் பவுன்ஸ் கேஸ் இருக்கிறதே" என்றார். நான் செக் புத்தகமே வாங்கியதில்லை! யாரோ ஒருவர் கோர்ட் வழக்குகளைத் தேடும் ஈகோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, எஸ் கார்த்திக் என்று தட்டி, வந்ததையெல்லாம் அப்படியே ஒட்டி அனுப்பியிருக்கிறார். கோயம்புத்தூரில் எஸ் கார்த்திக் எத்தனை பேர்? செந்தில் மகன், சுப்பிரமணி மகன், சண்முகம் மகன் எல்லாருக்கும் எஸ் தான். அந்தப் பட்டியலில் பிறந்த தேதி கிடையாது. கடைசியில் நானே லீவு போட்டு, வக்கீல் வைத்து, மனு நகல் வாங்கி, அந்த ஆள் விலாசம் வேறு, அப்பா பெயர் வேறு என்று காட்டினேன். எழுதிய ஏஜென்சியிலிருந்து மன்னிப்பு எதுவும் வரவில்லை, "ரிப்போர்ட் திருத்தப்பட்டது" என்று ஒரு வரி மெயில். அந்தப் பெண் போனில் "மூன்று கேஸ்" என்றபோது பக்கத்தில் என் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், சந்தோஷமான செய்தி என்று நினைத்து.

பிஜிவி சீனியர்:
கார்த்திக் சொன்னது தினமும் நடக்கிறது. என் அனுபவம் சுருக்கமாக: ஒருத்தர் கால் டீட்டெயில்ஸ் எடுத்துத் தரச் சொன்னார், கதவைக் காட்டினேன், அவ்வளவுதான்.

ஆனால் திருப்பூர் நண்பருக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். வாய்ப்பேச்சில் வேலை எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். யார் கேட்கிறார், தேடப்படுகிறவருக்கும் அவருக்கும் என்ன உறவு, எதற்குக் கேட்கிறார், இதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள், ஆதார் நகலோடு. தப்பான நோக்கம் உள்ளவன் பாதியில் எழுந்து போய்விடுவான், நாம் பேச வேண்டிய அவசியமே வராது. ஆள் தேடும் வேலையில் கிளையண்டுக்கு நேராக விலாசத்தைக் கொடுக்காதீர்கள். ஆளைக் கண்டுபிடித்து, "உங்களை இன்னார் தேடுகிறார், நம்பர் தரலாமா" என்று கேளுங்கள், சரி என்றால் கொடுங்கள். வேலை விசாரணை என்றால் கேண்டிடேட் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் இல்லாமல் பழைய கம்பெனிக்குப் போன் போடாதீர்கள், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியை அவரையே ஓடிபி போட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள். கோர்ட் ரெக்கார்டில் பெயர் மட்டும் ஒத்துப்போனால் "பொருந்துகிறது" என்று எழுதவே கூடாது, அப்பா பெயரும் விலாசமும் சேர்ந்தால்தான் எழுத வேண்டும்.

சட்டம் இல்லாத தொழில் என்று சிலர் நினைக்கிறார்கள். 2007-ல் மாநிலங்களவைக்கு வந்த டிடெக்டிவ் ஏஜென்சி மசோதா சட்டமாகவில்லை, உண்மைதான். ஆனால் 2018-ல், கால் ரெக்கார்டு விற்ற கேஸில் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீஸ் டிடெக்டிவ்களைக் கைது செய்ததற்கு அந்த மசோதா தேவைப்படவில்லை. 2023 தனிநபர் தரவுச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி. இரண்டு பையன்களை வைத்து நடத்துகிறவருக்கும் அதே சட்டம்தான்.

அமெரிக்காவில் 1999-ல் நடந்தது ஒன்று. ஒரு பெண் எங்கே வேலை செய்கிறாள் என்று இணையத்தில் தகவல் விற்கும் கம்பெனியிடம் ஒருவன் காசு கொடுத்துக் கேட்டான். அவர்கள் ஆள் வைத்து, பொய் சொல்லி அந்தப் பெண்ணிடமே போனில் விவரம் வாங்கி விற்றார்கள். வேலை முடிந்து வெளியே வந்தவளை அவன் சுட்டுக் கொன்றான். 2003-ல் நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம், தகவல் விற்பவனுக்கு, யாரைப் பற்றி விற்கிறானோ அந்த மூன்றாம் ஆள் மீதும் கவனம் காட்டும் கடமை உண்டு என்றது. வழக்கின் பெயர் ரெம்ஸ்பர்க் எதிர் டாக்குசர்ச், தேடிப் படியுங்கள்.

திருப்பூர் வெரிஃபையர்:
சீனியர் சார், நான் வேலையை எடுக்கவே இல்லை. எடுத்தவனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் எனக்குச் சொல்கிறீர்கள். அந்த அமெரிக்க வழக்கைப் படிக்கிறேன்.

சேலம் குமாஸ்தா:
"நம்பர் தரலாமா" என்று ஆளிடமே கேட்கச் சொல்கிறீர்களே, ஜீவனாம்சம் கொடுக்காமல் ஓடுகிறவனிடம் கேட்டால் அன்று ராத்திரியே அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடுவான். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி போடாதீர்கள்.

பிஜிவி சீனியர்:
உங்களுடையது கோர்ட் சம்மன், வக்கீல் லெட்டர் இருக்கும், அது வேறு. நான் சொன்னது தனி ஆள் வந்து கேட்பதற்கு. முழுதாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

கார்த்திக் எஸ்:
அப்பா பெயரும் ஒன்றாக இருந்தால் என்ன செய்வீர்கள் சார்? என் வழக்கில் வேறாக இருந்ததால் தப்பித்தேன்.

பிஜிவி சீனியர்:
மனு நகல் வாங்கி விலாசத்தைப் பார்ப்போம். கிளையண்ட் அதற்குக் காசு தரமாட்டான் என்பது வேறு விஷயம்.