68 வயதில் 152/72: வயசோட நூறைக் கூட்டும் கணக்கு சரியா?

தென்றல்:
அப்பாவுக்கு 68 வயது. வீட்டு மெஷினில் 152/72 காட்டுகிறது. "வயசோட நூறைக் கூட்டு, 168 வரைக்கும் பயமில்லை" என்கிறார். கீழ் அளவு ஏறவே இல்லையே, இதுவும் பிரஷர்தானா? 9 வயதுப் பையனுக்கு எது சரியான அளவு?

மருந்தாளுநர்:
நூறைக் கூட்டும் கணக்கை மறந்துவிடுங்கள். வயதோடு பிரஷர் ஏறுவது பரவலாக நடப்பதுதான், அதற்காக அது பாதுகாப்பு ஆகிவிடாது. பெரியவர்களுக்கு எந்த வயதிலும் கிளினிக்கில் 140/90, வீட்டுச் சராசரியில் 135/85 என்றால் உயர் ரத்த அழுத்தம். மேல், கீழ் இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும். அமெரிக்க இதயச் சங்கம் 2017 முதல் 130/80-லேயே கோடு போட்டுவிட்டது.

50-க்கு மேல் பெருந்தமனி விறைக்கத் தொடங்கும். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது அது விரிந்துகொடுக்காது, மேல் அளவு ஏறும். துடிப்புகளுக்கு நடுவே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்காது, கீழ் அளவு இறங்கும். 152/72 அந்த ரகம். பக்கவாதம் வரவைப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

செவிலியர்_மதுரை:
பையனுக்கு ஒரே எண் கிடையாது. 13 வயதுக்குள் என்றால் வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து மருத்துவர் அட்டவணையில் பார்ப்பார். பெரியவர்கள் கஃபை (கையில் சுற்றும் பட்டையை) அவனுக்குச் சுற்றாதீர்கள், குறைத்துக் காட்டும்.

அப்பாவுக்கு எப்படிப் பார்க்கிறீர்கள்? காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய 5 நிமிடம் உட்காரட்டும். கை நெஞ்சு மட்டத்தில், மேசைமேல். சட்டைக் கைமேல் சுற்றக் கூடாது. பேச்சும் கூடாது, பேசினாலே ஏறும்.

தென்றல்:
எல்லாம் அப்படித்தான். கஃபில் 22–32 செ.மீ. என்று போட்டிருக்கிறது. அப்பாவின் மேல்கைச் சுற்றளவு 35.

செவிலியர்_மதுரை:
அப்படியானால் 152-ஐ நம்ப முடியாது. சின்ன கஃப் கூட்டித்தான் காட்டும். அதே மாடலுக்கான பெரிய கஃப் வாங்குங்கள். 7 நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை. முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள்.

மருந்தாளுநர்:
ஒரு நாள் எழுந்து நின்ற 1, 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்பே. தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிவது இந்த வயதில் சின்ன விஷயமில்லை. நெஞ்சுவலி, வாய் கோணல், கை கால் மரத்துப்போதல் இருந்தால் சராசரிக்கெல்லாம் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.