ரொறன்ரோ வியாபாரி மிச்சக் காசு தரேல்லை: வழக்கு யாழ்ப்பாணத்திலா ஒன்ராறியோவிலா?

கோண்டாவில்_ஜூனியர்:
கட்சிக்காரர் கறித்தூளும் ஒடியல்மாவும் எஃப்ஓபி கொழும்பு விலையில் (கொழும்பில் கப்பலேற்றும் வரையான செலவு மட்டும் விற்பவருடையது) ரொறன்ரோ மொத்த வியாபாரி ஒருவருக்கு அனுப்பினவர். மொத்தம் 31,000 கனேடிய டொலர். 30 வீதம் முற்பணம் வந்தது. தூளில் பூஞ்சணம் என்று மிச்சம் 21,700 டொலரை மறுக்கிறார். ஆனால் பாதிச் சரக்கை விற்றும்விட்டார். புரோஃபோமா இன்வொய்ஸில் (சரக்கு அனுப்ப முதல் கொடுத்த விலைப்பட்டியலில்) எந்த நாட்டுச் சட்டம் என்று ஒரு வரியும் இல்லை. சரக்குப் போய் எட்டு மாதம். யாழ் மாவட்ட நீதிமன்றத்தில் போடலாமா? எந்தச் சட்டம் பொருந்தும்?

பிரதான_வீதி:
போடலாம். ஒப்பந்தம் இங்கே முடிவானது, அல்லது வழக்கெழு காரணம் (வழக்குக்கு இடம்தந்த சம்பவம்) இங்கே எழுந்தது என்று காட்டினால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 9ஆம் பிரிவு நியாயாதிக்கம் (வழக்கை விசாரிக்கும் அதிகாரம்) தரும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வெளிநாட்டுக்கு அழைப்பாணை அனுப்ப நீதிமன்ற அனுமதி வேணும். இலங்கையும் கனடாவும் 1965 ஹேக் சேர்ப்பித்தல் உடன்படிக்கையில் (நீதிமன்றப் பத்திரங்களை வேறு நாட்டில் கையளிக்கும் ஏற்பாடு) இருப்பதால் அது ஒன்ராறியோவின் மத்திய அதிகாரசபை ஊடாகப் போகும். தமிழ் வழக்குரைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்கவேணும். ஆள் வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்புக் கிடைக்கும், ஆனால் அதை அங்கே அப்படியே பதிவுசெய்ய இரு பக்க ஏற்பாடு எதுவும் இல்லை. தீர்ப்பை வைத்து ஒன்ராறியோவில் புது வழக்குப் போடவேணும். கனடா உச்ச நீதிமன்றத்தின் பீல்ஸ் எதிர் சல்டானா (2003) தீர்ப்பு அதற்கு வழிவிடுகிறது, என்றாலும் ஒரு கடனுக்கு இரண்டு வழக்கு. அங்கே சிறு கோரிக்கை நீதிமன்ற வரம்பு 2025 ஒக்டோபரில் 35,000இலிருந்து 50,000 டொலராக ஏறிவிட்டது. உங்கட தொகை அதற்குள் வருகுது, நேரே அங்கே போடுங்கோ.

ஸ்காபரோ_சட்டம்:
எந்தச் சட்டம் என்று மண்டையை உடைக்க முதல், இரண்டு சட்டத்திலும் முடிவு மாறுமா என்று பாருங்கோ. சட்டத் தெரிவு இல்லாததால் ஒப்பந்தத்தோடு மிக நெருங்கிய தொடர்புள்ள சட்டத்தைத்தான் நீதிமன்றம் தேடும். இலங்கைச் சட்டம் என்றால் 1896 பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வாங்கின சரக்கை மறுபடி விற்ற வியாபாரி அந்த அளவுக்கு அதை ஏற்றுக்கொண்டவர்; பிறகு நட்டஈட்டைக் கழிக்கக் கேட்கலாமே தவிர விலையே தரமாட்டேன் என்னேலாது. ஒன்ராறியோச் சட்டம் என்றால், கனடா உறுப்பு நாடு என்பதால், இலங்கை சேராவிட்டாலும் ஐ.நா.வின் 1980 வியன்னா விற்பனை உடன்படிக்கை 1(1)(ஆ) உறுப்புரை வழியாக உள்ளே வரும். அதன்படி குறையை நியாயமான காலத்துக்குள் அறிவித்திருக்கவேணும் (உறுப்புரை 39), அறிவித்திருந்தால் விலைக்குறைப்புக் கேட்கலாம் (உறுப்புரை 50). ஆகவே அவர் குறையை முதல் எழுதின திகதியைப் பிடியுங்கோ.

உண்மையில் வித்தியாசம் காலக்கெடுவில்தான். ஒன்ராறியோ நீதிமன்றம் காலக்கெடுவை நடைமுறையாக அல்ல, பொருட்சட்டமாக (உரிமையையே தீர்மானிக்கும் சட்டமாக) பார்க்கும். ஒன்ராறியோச் சட்டம் என்றால் 2 வருடம். இலங்கைச் சட்டம் என்றால் 1871 காலாவதிக் கட்டளைச் சட்டம்: எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், ஆனால் ‘விற்று ஒப்படைத்த பொருளின் விலை’ என்று மட்டும் வழக்குரைத்தால் 1 வருடம்! எட்டு மாதம் போய்விட்டது. எந்த வாதமும் தேவைப்படாமல் அந்த ஒரு வருடத்துக்குள் போட்டுவிடுங்கோ.

கோண்டாவில்_ஜூனியர்:
‘அடுத்த மாதம் பாதி தாறன்’ என்று வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். அது காலத்தைப் புதுப்பிக்காதா அண்ணை?

ஸ்காபரோ_சட்டம்:
ஒன்ராறியோவில் கடனை ஒப்புக்கொள்வது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேணும். வட்ஸ்அப் செய்தி கையொப்பமா என்பதே தனி வாதம். சான்றாக முழு உரையாடலையும் எடுத்து வையுங்கோ, காலத்துக்கு அதை நம்பாதேங்கோ.

பிரதான_வீதி:
அடுத்த ஓடருக்கு இலங்கைச் சட்டம் என்று ஒரு வரி போடுங்கோ. ‘ஒன்ராறியோச் சட்டம்’ என்று மட்டும் எழுதினால் வியன்னாவும் கூடவே வரும். வேண்டாமென்றால் பெயர் சொல்லி விலக்கவேணும். இந்தத் தொகைக்கு நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பது) கட்டாது, கட்டணமே தின்றுவிடும்.

வண்ணை_நொத்தாரிசு:
எல்லாரும் விட்ட ஒன்று: அந்த ஆளுக்கு இங்கே காணி இருக்குதா? யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கோ. இருந்தால் கணக்குத் தலைகீழ். யாழ் நீதிமன்றத் தீர்ப்பையே அந்தக் காணியில் நிறைவேற்றலாம், ரொறன்ரோவுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் இன்வொய்ஸ் யாருடைய பேரில் என்று முதல் பாருங்கோ. கம்பனி பேரில் என்றால், தனிப்பட்ட பிணை எழுதி வாங்காதவரை பணிப்பாளரின் காணியில் கை வைக்கேலாது.